வாரத்துக்கு வந்த மாடு

திண்டுக்கல்லில் நான் பைபிள் உமனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து, பாடி, ஜெபம் பண்ணிவிட்டு வருவது வேலை. சபையில் எனக்குப் பெயர் பைபிளம்மா. யாருக்கு நற்செய்தி சொன்னாய் என்று யாராவது கேட்டால் மட்டும் கொஞ்சம் சங்கடம். நான் போன வீடுகள் எல்லாமே கிறிஸ்தவ வீடுகள். நான் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கி, எனக்கே வசனத்தைத் திருத்திச் சொல்லக்கூடியவர்கள். திங்கட்கிழமை ஒரு தெரு, செவ்வாய்க்கிழமை அதற்கடுத்த தெரு, வியாழக்கிழமை பஸ் ஏறி ஆத்தூர்ப் பக்கம் நாலு குடும்பம். எந்த வீட்டில் எந்தச் சங்கீதம் என்பதுகூட முடிவாகியிருந்தது. ஒரு வீட்டில் மறந்துபோய் நீளமான சங்கீதத்தை எடுத்துவிட்டால், "பைபிளம்மா, அடுப்புல கொழம்பு கொதிக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது நல்ல காப்பி கிடைத்தது. சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. சபைக் காரியங்களைக் கவனிக்கிற பெரியவர் மூப்பர். என்னை மேய்ப்பது ஐயரம்மாவின் பொறுப்பு. "புதுக் கிராமத்துக்கெல்லாம் போகணும், நம்மாளுகளையே சுத்திச் சுத்தி வந்தா எப்படி?" என்று மாதத்துக்கு ஒரு தடவை கடிந்துகொள்வார். அடுத்த மூச்சிலேயே, "மூப்பர் வீட்டுக்கு இந்த வாரம் நீ போகலையாமே, வருத்தப்படுறாக" என்பார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நான் பேசாமல் மூப்பர் வீட்டுக்குப் போய்க் காப்பியைக் குடித்துவிட்டு வருவேன்.

புதுக் கிராமத்துக்குப் போகாமலும் இல்லை. இரண்டு தடவை போனேன். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் பை. தெரு முனையில் என் தலை தெரிந்ததுமே, "வேதக்காரி வாரா" என்று கதவுகள் சாத்திக்கொண்டன. நாய்கள் மட்டும் வரவேற்றன.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒன்று, என் தொண்டை. கர்த்தர் எனக்குக் குரலைக் கொடுத்தாரே தவிர அளவைக் கொடுக்கவில்லை. பாடகர் குழுவில் என்னைக் கடைசி வரிசையில் ஜன்னலை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள், பாதிச் சத்தமாவது வெளியே போகட்டும் என்று. இன்னொன்று, அறுப்பின் பண்டிகை ஏலம். பூசணிக்காய், சேவல், வாழைத்தார் என்று சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். விலையை ஏற்றிவிடுவதற்கு நான்தான் ஆள். ஒரு சுரைக்காய்க்கு ஊர் சிரிக்கிற விலையைக் கூசாமல் கத்துவேன். உடனே பூட்டுப் பட்டறை வைத்திருந்த மூப்பர், "பைபிளம்மாவே கேட்டுட்டாக, விட்டுருவமா" என்று அதற்கு மேல் ஒரு விலை சொல்லுவார். ஆறு வருஷம் ஏலம் கேட்டும் ஒரு கத்தரிக்காய்கூட என் தலையில் விழுந்ததில்லை. அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது.

நயா பைசா வந்த புதிது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரும் ஜனங்களும் சில்லறைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு வியாழக்கிழமை ஆத்தூர் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ எறிந்து இடம் பிடித்துவிட்டு நிதானமாகப் படியில் ஏறுவது நம்மூர் வழக்கம். நானும் என் வேதப்புத்தகப் பையை ஒரு ஜன்னலுக்குள் வீசினேன். குறி தப்பவில்லை. பஸ்தான் தப்பு. ஆத்தூர் பஸ்ஸை ஒட்டி நின்ற ஒட்டன்சத்திரம் பஸ்ஸுக்குள் பை போய்விட்டது. பையைத் தேடி ஏறினேன், கண்டுபிடித்தேன், அப்பாடா என்று அதை மடியில் வைத்து உட்கார்ந்தேன். ஊர் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆத்தூரா? இது ஆத்தூர்ப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே தாயி."

நடுவழியில் இறங்கி வெயிலில் நிற்பதைவிட, ஒட்டன்சத்திரம் போய் அதே பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று அவரே யோசனை சொன்னார். பஸ் திரும்புவதற்கு நேரம் இருந்தது. காய்கறிச் சந்தையில் கேரளத்துக்குப் போகும் லாரிகளில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு மைதானத்தில் மாட்டுச் சந்தை. நமக்கு என்ன போச்சு என்று வேடிக்கை பார்க்க நுழைந்தேன்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். வெறும் கழுத்து, வெறும் நெற்றி. ஒரு செவலைப் பசுவின் கழுத்தில் கையைப் போட்டு நின்றுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல் கண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. பக்கத்தில் ஒருவன் மாட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தான். அவனுக்கு எதிரே தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்குள் கையைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லுவதில்லை, துண்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

"ஏம்மா அழுகுறே?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடிமாட்டுக்கு வெலை பேசறாங்களுங்க" என்றாள். "எங்கப்பன் ஊட்டுச் சீருங்க இது. கன்னுக்குட்டியா என்ர கூட வந்துச்சுங்க. ரண்டு வருசமாச் செனை நிக்கலீங்க. எனக்கும் கொழந்தையில்லீங்க, அவரும் போயிட்டாருங்க. மலட்டு மாட்டுக்கும் மலட்டுப் பொம்பளைக்கும் எத்தன நாளைக்குத் தீனி போடறதுன்னு கொழுந்தன் ஓட்டியாந்துட்டானுங்க. இதும் போயிருச்சுன்னா அந்த ஊட்டுல எனக்குன்னு ஒண்ணுமில்லீங்க."

"உன் மாடுதானே? நீயே வெலை பேசி, உழுது பொழைக்கிற ஒரு சம்சாரிக்கு வித்தா என்ன?"

"பொம்பளை கை துண்டுக்குள்ள போகுமுங்களா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் யோசனை வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். துண்டுக்குள் இருந்த கைகள் இறுகுவதைப் பார்த்தேன், பேரம் முடியப் போகிறது. "நூத்தம்பது!" என்று கத்தினேன். பாடகர் குழுவில் ஆறு வருஷம் அடக்கிவைத்திருந்த குரல் மொத்தமும் வெளியே வந்தது. இரண்டு காளைகள் மிரண்டு நகர்ந்தன. துண்டிலிருந்து கைகள் வெளியே வந்தன.

மனதுக்குள் நான் சபை வளாகத்திலேயே இருந்தேன். நான் ஒரு விலை சொல்லிவிட்டேன், யாராவது ஒரு மூப்பர் ரோஷப்பட்டு அதற்கு மேல் சொல்லுவார், நல்ல சம்சாரி ஒருத்தர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போவார், நான் பஸ் ஏறிவிடுவேன். சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நமக்குக் கட்டாது" என்று நடையைக் கட்டினார். தரகர் என் பக்கம் திரும்பினார்.

"பணத்தை எடுங்கம்மா."

"இன்னும் யாராச்சும் கேப்பாகளே" என்றேன். குரல் சுரைக்காய் அளவுக்குக்கூட வரவில்லை.

"அம்பது ரூபா பெறாத மாட்டுக்கு நூத்தம்பதுன்னா ஆருங்கம்மா மேல கேப்பாங்க? சந்தையில வாயால சொன்ன வெலை சொன்னதுதான்."

என் பையில் இருந்தது வேதப்புத்தகம், கீர்த்தனைப் புத்தகம், கண்வலிச் சொட்டு மருந்து, பஸ் சார்ஜ். என் இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்தாலும் நூத்தம்பது வராது. கூட்டம் கூடிவிட்டது. கொழுந்தன்காரனுக்கு முகமெல்லாம் பல். "போலீசைக் கூப்பிடுவேன்" என்றான். கர்த்தாவே, எந்த வேதத்தில் எந்த அதிகாரத்தில் மாடு பிடிக்கச் சொன்னீர் என்று நான் உள்ளுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். கொழுந்தன் கையிலிருந்த கயிற்றை வெடுக்கென்று பிடுங்கி என் கையில் வைத்தாள். "நான் விக்கலீங்க. இந்தம்மாளுக்கு வாரத்துக்கு விட்டுட்டனுங்க" என்றாள்.

வாரத்துக்கு விடுவது என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. மாடு சொந்தக்காரருடையதே, வளர்ப்பவர் வேறு. பால் வளர்ப்பவருக்கு, முதல் கன்று சொந்தக்காரருக்கு, அடுத்த கன்று வளர்ப்பவருக்கு என்று ஒரு ஏற்பாடு. கொழுந்தன் குதித்தான். ஆனால் சந்தையில் நின்ற பெரியவர்கள் அவன் பக்கம் சாயவில்லை. மாட்டை விற்றால் பழைய கயிற்றை விற்றவர் வைத்துக்கொள்வார், இவள் கயிற்றோடு கொடுத்துவிட்டாள், ஆகையால் இது விற்பனை இல்லை. அப்பன் வீட்டுச் சீர் என்றால் அவள் இஷ்டம் என்று முடித்துவிட்டார்கள். அவன் வாயை அடைக்க ஒரு கெடு மட்டும் வைத்தார்கள். அடுத்த தை மாதத்துக்குள் சினை நிற்கவில்லை என்றால் மாட்டைத் திரும்பச் சந்தைக்கு ஓட்டிவந்து விட்டுவிட வேண்டும். அப்போது அது அடிமாடுதான்.

அவள் மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டு, "பாத்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள். யாரென்று தெரியாத என்னிடம், எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல், தன்னிடம் இருந்த ஒரே சொத்தைக் கொடுத்துவிட்டுக் கொழுந்தனுக்குப் பின்னால் நடந்துபோனாள். தரகரிடம் அவள் ஊரை விசாரித்துக்கொண்டேன். பஸ் கண்டக்டரைத் தேடிப் பிடித்து, திண்டுக்கல்லில் எங்கள் சபை வளாகம் இருக்கும் இடத்தை அவள் ஊருக்குச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் மாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "டிக்கெட்டு ரெண்டா தாயி?" என்றார்.

நடந்தே கிளம்பினேன். பெரிய சாலையில் லாரி வரும்போதெல்லாம் மாடு பள்ளத்தில் இறங்கிவிடும். சரி, மாடு இறங்கின வழியே போவோம் என்று வண்டிப்பாதையைப் பிடித்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொரு தகராறு. மாடு நட்டுவைத்ததுபோல் நின்றுவிட்டது. இழுத்தேன், தள்ளினேன், வேத வசனம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அலுத்துப்போய் எனக்காக ஒரு கீர்த்தனையை எடுத்துவிட்டேன். மாடு காதை ஆட்டிக்கொண்டு நடந்தது. சரணம் முடிந்து மூச்சு வாங்கினேன், நின்றுவிட்டது. மறுபடி பாடினேன், நடந்தது. என் குரலுக்கு மதிப்புக் கொடுத்த முதல் ஜீவன் அதுதான்.

இப்படியாக ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் வரைக்கும், சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே, கீர்த்தனைப் புத்தகத்தில் பாதியைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போனேன். வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையும் அதேதான். ஆனால் எந்த வீட்டிலும் கதவைச் சாத்தவில்லை. "மாடு எங்கிட்டுப் புடிச்சீக? எத்தன ஈத்து? பாவம், வகுறு ஒட்டிப் போச்சே" என்று ஆளுக்கொரு கேள்வியோடு தெருவே வெளியே வந்தது. முதலில் மாட்டுக்குக் கழனித்தண்ணி வந்தது. அப்புறம் எனக்கு மோர் வந்தது. பையோடு வருகிறவள் எதையோ கொடுக்க வருகிறாள் என்று ஜனங்களுக்குச் சந்தேகம். மாட்டோடு வருகிறவள் பாவம், அவளுக்குத்தான் நாம் ஏதாவது கொடுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை எனக்குப் பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

வழியில் ஒரு ஊரில் பூக்கட்டும் பெண் ஒருத்தி என்னை இருட்டுவதற்குள் பிடித்து நிறுத்தி, தன் மாட்டுக் கொட்டகையில் இடம் கொடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். "வர்ற வழியெல்லாம் பாடிக்கிட்டு வந்தீகளே, அது யார் மேல பாட்டு?" என்று கேட்டார்கள். கேட்காதவர்களிடமே ஆறு வருஷம் சொல்லிப் பழகிய எனக்கு, கேட்டவர்களிடம் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கொட்டகையில் இருக்கிறோமே என்று பெத்லெகேமில் தொடங்கினேன். மாட்டுக் கொட்டகையில் பிள்ளை பிறந்தது என்றதும் பூக்காரி கையை உதறினாள்.

"கொட்டாயிலயா? தலைப்பிரசவமா? கூட ஒரு பொம்பளை இல்லையா?"

"இல்லை. புருஷன் மட்டுந்தான்."

"ஆம்பளை என்னத்தைக் கண்டான்! ஒரு சுக்குத்தண்ணி போட்டுக் குடுக்க ஆளில்லாமயா அம்புட்டுப் பெரிய சாமி பொறந்துச்சு?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். இன்னொருத்தி, பிள்ளைக்குக் குளிர் தாங்க வைக்கோலை எப்படிப் பரப்ப வேண்டும் என்று சொன்னாள். நான் அதுவரை கேட்ட கிறிஸ்துமஸ் பிரசங்கம் எதிலும் சுக்குத்தண்ணி வந்ததில்லை. மரியாளைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்களையும் நான் பார்த்ததில்லை. "இனிமே இந்தப் பக்கமா வாரப்ப மீதிக் கதையச் சொல்லணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

மறுநாள் சாயங்காலம் திண்டுக்கல் வந்தேன். சபை வளாகத்தில் பெண்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஐயரம்மா கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் பாட்டை நிறுத்தினால் மாடு வாசலில் நின்றுவிடும், நிறுத்தாவிட்டால் ஜெபம் நின்றுவிடும். மாட்டின் பக்கம் முடிவெடுத்தேன். ஐயரம்மா கண்ணைத் திறந்தபோது மாடு அவருடைய குரோட்டன்ஸ் செடியைத் தின்றுகொண்டிருந்தது.

"உன்னைய ஆத்தூருக்குத்தானே அனுப்பினேன்?" என்றார்.

மூப்பர் கமிட்டியைக் கூட்டினார். மிஷன் இடத்தில் மாடு கட்டுவதற்கு விதியில்லை என்றார். கட்டக் கூடாது என்றும் விதியில்லையே என்றேன். ஐயர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு, தை மாதம் வரைக்கும் பின்பக்கம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மேய்ச்சல் என் பொறுப்பு. டவுனில் மேய்ச்சலுக்கு எங்கே போவது? வாரத்தில் மூன்று நாள் அதே வண்டிப்பாதையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய், பூக்காரி கொட்டகையில் தங்கித் திரும்பினேன். தெருக்களுக்கு மீதி நாள்தான் கிடைத்தது. மூப்பர் வீட்டுக் காப்பி ஆறிப்போயிற்று.

பூக்காரி ஊரில் பெண்கள் கதைக்கு உட்கார்ந்தார்கள். கதை கேட்ட கையோடு, கண் ஒட்டிக்கொண்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள், சொட்டு மருந்து விட்டேன். பிரசவம் ஆகிக் காய்ச்சலில் கிடந்த ஒரு மருமகளை மாட்டுவண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், பிழைத்துக்கொண்டாள். அடுத்த ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். பெயர் எழுதப் படிக்க வேண்டும் என்று இரண்டு பெண்கள் மண்ணில் விரலால் எழுதத் தொடங்கினார்கள். 'மாட்டுக்கார பைபிளம்மா' என்று புதுப் பெயரும் வந்தது.

ஆனால் மாடு சினை பிடிக்கவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அரசாங்க மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டார். எனக்குத் தூக்கம் கெட்டது. தை மாதம் சந்தையில் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? ஐயரிடம் ஜெபம் பண்ணச் சொன்னேன். ஜெபத்தில் மாட்டின் காரியத்தை எந்த வார்த்தையில் சொல்லுவது என்று தெரியாமல் அவர் கொஞ்சம் தடுமாறினார், கடைசியில் "இந்த ஜீவனையும் நினைத்தருளும்" என்று முடித்தார்.

கர்த்தர் நினைத்தருளினார், ஆனால் யாரும் எதிர்பாராத வழியில். பூக்காரி ஊரில் ஒரு கோயில் காளை உண்டு. கோயிலுக்கு நேர்ந்துவிட்டது, எந்தக் காட்டிலும் மேயும், யாரும் விரட்ட மாட்டார்கள். ஐப்பசியில் ஒரு நாள் நான் கதையின் நடுவில் இருந்தபோது அது எங்கள் மாட்டைத் தேடி வந்துவிட்டது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் செங்கடல் பிளந்த கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மார்கழியில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு, "சினை நின்னுருச்சு" என்றார். நான் மாட்டாஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்டக்டரிடம் ஓடிப்போய் ஒட்டன்சத்திரத்துக்குச் சொல்லிவிட்டேன்.

செய்தி கமிட்டிக்கும் போய்விட்டது. "கோயில் காளையா?" என்று மூப்பர் எழுந்து நின்றுவிட்டார். "சபையில எப்படிச் சொல்லுறது?" காளைக்கு எந்த வேதம் என்று கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன். ஐயர் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். அந்த ஊரிலோ கொண்டாட்டம். தங்கள் காளை சினைப்படுத்திய மாடு என்றால் நான் அவர்களுக்குச் சம்பந்தியாம். அன்றிலிருந்து கிழவர்கள்கூட, "வாங்க சம்பந்தியம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பந்தி வீட்டில் கதவைச் சாத்த முடியுமா? என் பைக்குள் இருக்கிற வேதத்தை இப்போது அவர்களே எடுத்து வாசிக்கச் சொன்னார்கள்.

அடுத்த ஆடியில் கிடாரிக் கன்று பிறந்தது. தாயைப் போலவே செவலை. அதற்கும் செய்தி சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவள் வளாக வாசலில் நின்றாள். கையில் ஒரு துணி மூட்டை, ஒரு பித்தளைச் செம்பு. மாடு அவளைக் கண்டு கத்தியது. அவள் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முதல் கன்று அவளுக்கு என்பது பேச்சு. நான் உள்ளேபோய்ப் புதுக்கயிறு எடுத்துவந்தேன். எனக்கு அந்தக் கன்றைக் கொடுக்க மனமேயில்லை, இருந்தாலும் பேச்சு பேச்சுதானே.

"கன்னை ஓட்டிட்டுப் போக வரலீங்க" என்றாள். "செனைன்னு தெரிஞ்சதுல இருந்து மாட்டைத் திருப்பி ஓட்டியாரச் சொல்லிக் கொழுந்தன் தொந்தரவுங்க. ஓட்டியாந்தா வித்துப்போடுவானுங்க. மாட்டேன்னுட்டனுங்க. அப்ப நீயும் மாட்டுகூடவே போயிருன்னு கதவைச் சாத்திப்போட்டானுங்க. அதான், நானே வாரத்துக்கு வந்துட்டனுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. மாட்டைக் கட்டியதற்கே விதி தேடிய மூப்பர், சபையைச் சேராத ஒரு பெண்ணை மிஷன் வளாகத்தில் வைப்பதென்றால் சும்மா இருப்பாரா? அவள் வயிற்றுப்பாட்டுக்கு வந்திருக்கிறாள் என்றார். நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வருவார்கள் என்றார். ஐயரம்மாவும் தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது, வாயைத் திறக்கப் போனேன். ஐயர் கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, அவளையே கூப்பிட்டார்.

அவள் வந்து கதவோரம் நின்றாள். ஐயர் கேட்டார்:

"ஏம்மா, ஒனக்கு எங்க சபையைப் பத்தித் தெரியாது, எங்க ஆண்டவரைப் பத்தித் தெரியாது. போறதுக்கு வேற எடமா இல்ல? எதை நம்பி இங்க வந்தே?"

அவள் நிமிர்ந்து ஐயரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்தச் சந்தையில மாட்டோட பல்லைப் புடிச்சுப் பாக்காத ஆளில்லீங்க சாமி. என்ர மூஞ்சியப் பாத்து, ஏன் அழுகறேன்னு கேட்டது இந்தம்மா ஒருத்தருதானுங்க. இவிங்களை அனுப்பி வச்சது ஆரோ, அவரை நம்பித்தானுங்க வந்தேன்."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்னை அங்கே யாரும் அனுப்பவில்லை, ஒரு பையை மாற்றி எறிந்தேன், அவ்வளவுதான்.

"பின்னாடி ரூம் சாவி எங்க இருக்கு?" என்று ஐயர் தம் மனைவியைக் கேட்டார்.

ஐயரம்மா எழுந்து உள்ளே போனார். வர நேரமாயிற்று. வந்தபோது ஒரு கையில் சாவி இருந்தது, இன்னொரு கையில் ஒரு படி பருத்திக்கொட்டை. "கன்னு போட்ட மாட்டுக்கு வெறும் வைக்கோலையா போடுவாக?" என்று என்னை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, இரண்டையும் அவள் கையில் கொடுத்தார்.